இரைப்பைப் புற்றுநோயும் ரத்த ரிப்போர்ட்டும்: செட்டிநாட்டுக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்குடியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் 22 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். ரத்தம் எடுப்பது, எந்திரத்தில் ஓட்டுவது, நுண்ணோக்கியில் ஸ்லைடு பார்ப்பது, ரிப்போர்ட் தட்டுவது எல்லாம் என் வேலை. நான் டாக்டர் இல்லை. ஆனால் ரிப்போர்ட் வாங்க வருகிறவர்கள் டாக்டரிடம் கேட்கத் தயங்குவதை என்னிடம் கேட்கிறார்கள். கொஞ்ச காலமாக ஒரு மாற்றம். அம்மாவோ அப்பாவோ இங்கே தனியாக இருப்பார்கள். பிள்ளைகள் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருந்து ரிப்போர்ட்டை போனில் பார்த்து, இணையத்தில் தேடி, நடு ராத்திரியில் கூப்பிடுகிறார்கள். இரைப்பைப் புற்றுநோய் வந்த வீடுகளிலிருந்து வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

அப்பச்சி ரிப்போர்ட்டில் என்எல்ஆர் 5.6 என்று இருக்கிறது. இது அதிகமாக இருந்தால் புற்றுநோய் பரவிவிட்டதாக இணையத்தில் போட்டிருக்கிறதே, உண்மையா?

அந்த எண்ணை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. இரைப்பைப் புற்றுநோய் வந்தவர்களைக் கூட்டமாக எடுத்துப் பார்த்தால், இந்த எண் உயர்ந்திருப்பவர்களில் நோய் பரவியவர்கள் அதிகம். பல நாட்டு ஆய்வுகளில் இது திரும்பத் திரும்பத் தெரிந்திருக்கிறது. ஆனால் கூட்டத்துக்குப் பொருந்துவது உங்கள் அப்பச்சிக்கு அப்படியே பொருந்த வேண்டியதில்லை. பல்லில் சீழ் கட்டியிருந்தால்கூட இந்த எண் 5.6 ஆகும். அவருக்கு ஸ்கேன் எடுத்தாகிவிட்டதா, அதில் என்ன தெரிந்தது என்பதுதான் முதலில் கேட்க வேண்டியது.

இந்த என்எல்ஆர் என்ன? எங்கள் பழைய ரிப்போர்ட்டில் அப்படி எதுவும் இல்லையே?

பெயர் இருக்காது, கணக்குப் போடத் தேவையானது இருக்கும். சிபிசி, அதாவது ரத்த அணுக்களை எண்ணும் சோதனையின் ரிப்போர்ட்டில் வெள்ளை அணுக்களின் வகைகள் சதவீதமாக வரும். பழைய ரிப்போர்ட்டுகளில் பி, எல், இ, எம் என்று எழுதியிருப்போம். பி என்பது பாலிமார்ஃப், அதாவது நியூட்ரோஃபில். எல் என்பது லிம்ஃபோசைட். பி 78, எல் 14 என்றால் 78-ஐ 14-ஆல் வகுக்க வேண்டும்: 5.57. அதுதான் என்எல்ஆர், நியூட்ரோஃபிலுக்கும் லிம்ஃபோசைட்டுக்கும் உள்ள விகிதம். நல்ல உடம்பில் பெரும்பாலும் 1-க்கும் 3-க்கும் நடுவில் இருக்கும்.

எங்கள் தொழிலில் உள்ளவர்களுக்கு மட்டும் தெரிந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சில சின்ன லேபுகளில் இன்னும் ஸ்லைடில் 100 அணுக்களைக் கண்ணால் எண்ணித்தான் சதவீதம் எழுதுகிறார்கள். லிம்ஃபோசைட் 10 என்று வந்த அதே ஸ்லைடில் வேறு 100 அணுக்களை எண்ணினால் 7 வரலாம், 14-ம் வரலாம். அது எண்ணியவர் தப்பில்லை, நூறு என்பது சின்ன எண்ணிக்கை, அவ்வளவுதான். ஆனால் 80-ஐ 7-ஆல் வகுத்தால் 11-க்கு மேல். 14-ஆல் வகுத்தால் 6-க்குக் கீழே. ஒரே ரத்தம், ஒரே நாள்! அதனால் இந்த எண்ணைப் பார்க்க வேண்டும் என்றால் ஆயிரக்கணக்கான அணுக்களை எண்ணும் எந்திரத்தின் கணக்கையே பாருங்கள். முடிந்தவரை ஒரே லேபில் கொடுங்கள்.

புற்றுநோய் இரைப்பையில். ரத்தத்தில் ஏன் மாற வேண்டும்?

இதற்குப் பதில் கொஞ்சம் நீளும். இதைப் புரிந்துகொண்டால் மற்றது எல்லாம் புரிந்துவிடும்.

1863-லேயே ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்ஷோ புற்றுக் கட்டிகளுக்குள் வெள்ளை அணுக்கள் கூடி நிற்பதைக் கவனித்து, நாள்பட்ட அழற்சிக்கும் புற்றுக்கும் தொடர்பு உண்டு என்றார். 1986-ல் அமெரிக்காவின் ஹெரால்ட் ட்வோராக், கட்டியை ஆறாத புண் என்று விளக்கினார். சாதாரணப் புண் வந்தால் அழற்சி வரும், சிவக்கும், வீங்கும், ஆறும், அடங்கும். புற்றில் அந்த அடங்கும் கட்டம் வருவதில்லை.

இரைப்பையில் இது கண்கூடு. ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி இரைப்பையின் உள்தோலில் ஆண்டுக்கணக்கில் குடியிருந்து அழற்சியை ஓயாமல் மூட்டிக்கொண்டே இருக்கும். ஆஸ்திரேலியாவின் பேரி மார்ஷலும் ராபின் வாரனும் 1982-ல் அதைக் கண்டுபிடித்தார்கள். 2005-ல் நோபல் பரிசு கிடைத்தது. 1994-லேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை உறுதியாகப் புற்றை உண்டாக்கும் காரணிகளின் பட்டியலில் சேர்த்துவிட்டது. இரைப்பைப் புற்றின் தொடக்கமே பெரும்பாலும் அழற்சிதான்.

கட்டி வளர்ந்த பிறகு அதிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள செல்களிலிருந்தும் இன்டர்லூக்கின்-6 போன்ற சமிக்ஞைகள் ரத்தத்தில் போகின்றன. கல்லீரல் அதைக் கேட்டு சிஆர்பி என்ற புரதத்தை நிறைய உற்பத்தி செய்கிறது, அல்புமின் என்ற இன்னொரு புரதத்தைக் குறைக்கிறது. எலும்பு மஜ்ஜை நியூட்ரோஃபில்களையும் தட்டணுக்களையும் (பிளேட்லெட்) கூடுதலாக அனுப்புகிறது. நியூட்ரோஃபில்கள் கிருமியை அடிக்க வந்தவைதான். ஆனால் கட்டி இருக்கும் இடத்தில் அவை விடும் பொருள்கள் புது ரத்தக் குழாய்கள் முளைக்கவும், திசுவின் கட்டுக்கோப்பு கரையவும் உதவிவிடுகின்றன. கிருமியைப் பிடிக்க அவை வீசும் வலையில் ரத்தத்தில் மிதந்து வரும் புற்றுச் செல் சிக்கி, கல்லீரல் போன்ற இடங்களில் ஒட்டிக்கொள்வதை எலிகளில் பார்த்திருக்கிறார்கள். தட்டணுக்கள் புற்றுச் செல்லைச் சுற்றிப் போர்வை போல ஒட்டி, அதைக் கொல்ல வரும் அணுக்களின் கண்ணிலிருந்து மறைக்கின்றன. புற்றுச் செல்லை அடையாளம் கண்டு கொல்கிற வேலை லிம்ஃபோசைட்டுகளுடையது. அவை குறைந்தால் காவல் குறைந்தது.

ஆக நியூட்ரோஃபில் கூடி லிம்ஃபோசைட் குறைந்தால் என்எல்ஆர் ஏறுகிறது. அழற்சி இருப்பதால் பரவுகிறதா, பரவியதால் அழற்சி கூடுகிறதா என்று கேட்பீர்கள். இரண்டும் நடக்கிறது. ரிப்போர்ட்டில் உள்ள எண்ணுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

இது தவிர வேறென்ன எண்கள் பார்க்கிறார்கள்?

பிஎல்ஆர் என்பது தட்டணுவை லிம்ஃபோசைட்டால் வகுப்பது. எல்எம்ஆர் லிம்ஃபோசைட்டை மோனோசைட் என்ற இன்னொரு வகை வெள்ளை அணுவால் வகுப்பது. இது மட்டும் தலைகீழ், குறைந்தால்தான் கவலை. எஸ்ஐஐ என்பது தட்டணுவை நியூட்ரோஃபிலால் பெருக்கி லிம்ஃபோசைட்டால் வகுப்பது. இவை எல்லாமே ஒரே சிபிசியிலிருந்து வருகிறவை, அதனால் இவற்றுக்கென்று தனியாகப் பணம் கட்டாதீர்கள்.

எனக்கு இவற்றைவிட மதிப்புள்ளதாகத் தோன்றுவது சிஆர்பியையும் அல்புமினையும் சேர்த்துப் பார்க்கும் கிளாஸ்கோ மதிப்பெண். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர மருத்துவர்கள் உருவாக்கியது. இப்போது புழக்கத்தில் உள்ள திருத்திய முறையில் சிஆர்பி லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டாவிட்டால் 0. தாண்டினால் 1. அதோடு அல்புமின் டெசிலிட்டருக்கு 3.5 கிராமுக்குக் கீழே போனால் 2. மதிப்பெண் ஏற ஏற நோயின் போக்கு கடுமையாக இருப்பது பலவிதப் புற்றுகளில் பார்க்கப்பட்டிருக்கிறது, இரைப்பையிலும். இதை நான் மதிப்பதற்குக் காரணம் அல்புமின். ஆள் எவ்வளவு வாடிப்போயிருக்கிறார், அறுவை சிகிச்சையையும் கீமோவையும் தாங்குவாரா என்பதற்கும் அது ஒரு அடையாளம். அதில் நாம் செய்வதற்கு ஏதாவது இருக்கிறது.

சரி, பரவலைக் கணிப்பதில் இவை எவ்வளவு நம்பகம்?

ஓரளவு. ஓரளவு என்றால் எவ்வளவு என்பதை ஒரு கற்பனைக் கணக்கால் சொல்கிறேன். இது ஆய்வு முடிவில்லை, புரிவதற்காக நானே போட்டது.

இரைப்பைப் புற்று உள்ள 100 பேர். அதில் 20 பேருக்குப் பரவியிருக்கிறது, 80 பேருக்கு இல்லை. நம் பரிசோதனை பரவியவர்களில் 70 சதவீதம் பேரைச் சரியாகப் பிடிக்கும், பரவாதவர்களில் 70 சதவீதம் பேரைச் சரியாக விட்டுவிடும் என்று வைத்துக்கொள்வோம். 20 பேரில் 14 பேரைப் பிடித்துவிட்டது. நல்லது. ஆனால் பரவாத 80 பேரில் 24 பேரையும் சேர்த்துப் பிடித்துவிட்டது. எண் அதிகம் என்று வந்த 38 பேரில் உண்மையிலேயே பரவியவர்கள் 14 பேர்தான். எண் நன்றாக இருக்கிறது என்று நிம்மதியாக வீட்டுக்குப் போன 62 பேரில் 6 பேருக்குப் பரவியிருக்கிறது. அந்த 24 வீடுகளின் தூக்கத்தையும் இந்த 6 வீடுகளின் நிம்மதியையும் நினைத்துப் பாருங்கள்.

இன்னொரு சிக்கல், எந்த எண்ணுக்கு மேல் அதிகம் என்பதில் ஒற்றுமை இல்லை. என்எல்ஆருக்கு ஓர் ஆய்வு 2 என்கும், இன்னொன்று 5 என்கும். நோயின் நிலையைக் குறிக்க உலகம் முழுவதும் பயன்படுத்தும் டிஎன்எம் முறையில் இந்த எண்களுக்கு இடம் கொடுக்கவில்லை. கட்டி எவ்வளவு ஆழம், நிணநீர்க் கணுக்களில் எத்தனை, தூரத்து உறுப்புகளில் உண்டா என்ற மூன்றுதான் அதில் கணக்கு.

வேறு எதனால் எல்லாம் இந்த எண்கள் ஏறும்?

சளிக் காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, காலில் ஆறாத சர்க்கரைப் புண், மாரடைப்பு, அண்மையில் நடந்த ஏதாவது ஓர் அறுவை, புகைப்பழக்கம், உடல் பருமன். பட்டியல் நீண்டுகொண்டே போகும். அதில் மூன்றை மட்டும் விளக்கமாகச் சொல்ல வேண்டும்.

ஒன்று, ஸ்டீராய்டு. கீமோவுக்கு முன்னால் வாந்தியைத் தடுக்க டெக்சாமெத்தசோன் போடுவார்கள். அது நியூட்ரோஃபிலை ஏற்றும், லிம்ஃபோசைட்டை இறக்கும், விகிதம் எகிறும். கீமோ போட்ட மறுநாள் ரத்தம் கொடுத்துவிட்டு என்எல்ஆர் 12 என்று அழுத ஒரு மகளை எனக்குத் தெரியும். மூட்டுவலிக்கு என்று வாங்கும் பெயர் தெரியாத பொடிகள் சிலவற்றிலும் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அதைச் சாப்பிடுகிறீர்களா என்று ஆச்சிமார்களிடம் நான் தனியாகக் கேட்பேன், எல்லார் முன்னாலும் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள்.

இரண்டு, வெள்ளை அணு ஏற்றும் ஊசி. கீமோவில் வெள்ளை அணு இறங்கியவர்களுக்குத் தொப்புளைச் சுற்றியோ கையிலோ போடுவார்கள். அதன் வேலையே நியூட்ரோஃபிலை ஏற்றுவது. அந்த நாட்களில் என்எல்ஆருக்குப் பொருளே கிடையாது.

மூன்று, ரத்தக் கசிவு. இதைப் பெரும்பாலும் யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. இரைப்பைக் கட்டி சொட்டுச் சொட்டாகக் கசியும், இரும்புச்சத்து குறையும். இரும்புச்சத்து குறைந்தால் தட்டணு எண்ணிக்கை தானாக ஏறும். உடனே பிஎல்ஆரும் எஸ்ஐஐயும் ஏறிவிடும். பரவல் இல்லாமலே ஏறும். பிஎல்ஆர் அதிகம் என்றால் நான் உடனே பார்ப்பது ஹீமோகுளோபினையும் சிவப்பணுவின் பருமனையும்தான்.

எண்கள் எல்லாம் நன்றாக இருக்கின்றன. அப்படியானால் எண்டோஸ்கோபியைத் தள்ளிப்போடலாம்தானே?

தள்ளிப்போடாதீர்கள். இந்தப் பக்கத்தை நான் எழுத உட்கார்ந்ததே இந்த ஒரு கேள்விக்காகத்தான்.

தேவகோட்டையில் என் பெரியப்பா. எட்டு மாதம் நெஞ்சுக்கரிப்புக்கு மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார். போட்டால் கேட்கும், விட்டால் திரும்ப வரும். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை புற்றுப் புண்ணின் எரிச்சலையும் சில காலம் தணித்துவிடும் என்பது எனக்குத் தெரிந்த விஷயம்தான். அவர் ரத்தத்தை நானே எடுத்தேன், நானே ஓட்டினேன். என்எல்ஆர் 2.1. சிஆர்பி சாதாரணம். "ரத்தம் நல்லாத்தான் இருக்கு பெரியப்பா" என்றேன். ஹீமோகுளோபின் 9.8 இருந்தது. வயதாகிவிட்டது, சரியாகச் சாப்பிடுவதில்லை என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். நான்கு மாதம் கழித்து, இரண்டு இட்லிக்கு மேல் இறங்கவில்லை என்றபோதுதான் எண்டோஸ்கோபி. அப்புறம் வயிற்றுக்குள் கேமரா விட்டுப் பார்த்தபோது வயிற்றுச் சவ்வு முழுக்கப் புற்று கடுகு தூவியது போலப் பரவியிருந்தது என்றார்கள்.

அந்த 2.1 பொய் சொல்லவில்லை. நான்தான் அதனிடம் கேட்கக்கூடாததைக் கேட்டேன். கேட்டிருக்க வேண்டியது 9.8-ஐ.

கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடுவது, காரணமில்லாமல் எடை குறைவது, விழுங்கச் சிரமம், திரும்பத் திரும்ப வாந்தி, தார் போலக் கறுத்த மலம், காரணம் தெரியாத ரத்தசோகை. இவற்றில் ஒன்று இருந்தாலும் ரத்த ரிப்போர்ட் எப்படி இருந்தாலும் எண்டோஸ்கோபி பார்த்துவிடுங்கள். குழாய் விடுவதற்கு எல்லாரும் பயப்படுகிறார்கள். தொண்டையை மரத்துப்போக வைத்துவிட்டுத்தான் விடுவார்கள், பெரும்பாலும் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

பரவல் என்றால் எங்கே, எப்படிப் பரவும்? அதை எப்படித்தான் உறுதி செய்வது?

நம்ம ஊர் வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். முகப்பு ஒரு தெருவில், கொல்லை வாசல் அடுத்த தெருவில். நடுவில் வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி. இரைப்பைச் சுவரும் அப்படிக் கட்டுக் கட்டாக இருக்கிறது. புற்று தொடங்குவது உள்தோலில், அதாவது முகப்பில். அங்கேயே இருக்கும்போது பிடித்துவிட்டால் சில சமயம் எண்டோஸ்கோபி வழியாகவே எடுத்துவிடலாம். உள்ளே போகப் போகத் தசை அடுக்கைத் தாண்டுகிறது. கடைசி உறையையும் துளைத்துவிட்டால் கொல்லை வாசலைத் திறந்துகொண்டு அடுத்த தெருவுக்குப் போனது போல, செல்கள் வயிற்றுக் குழிக்குள் உதிர்ந்து அங்கங்கே முளைக்கும். வயிற்றில் தண்ணீர் கோப்பது பெரும்பாலும் அதனால்தான்.

இது தவிர நிணநீர்க் கணுக்கள் வழியாகப் போகும், ரத்தம் வழியாகக் கல்லீரலுக்கும் நுரையீரலுக்கும் போகும், பெண்களுக்குச் சினைப்பைக்கும் போகும். இடது கழுத்தெலும்புக்கு மேலே கட்டியாக ஒரு கணு தட்டுப்பட்டால், அதற்கு மேலே சொன்ன விர்ஷோவின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

கணுக்களும் கல்லீரலும் சிடி ஸ்கேனில் ஓரளவு நன்றாகத் தெரியும். வயிற்றுச் சவ்வில் உள்ள சின்னச் சின்ன முளைகள் சிடியில் தப்பிவிடும். அதற்குத்தான் லேப்பராஸ்கோபி. மயக்க மருந்து கொடுத்து, சின்னத் துளை வழியாகக் கேமராவை விட்டு நேரில் பார்ப்பார்கள், வயிற்றைக் கழுவிய தண்ணீரையும் செல் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். தொடக்க நிலையைத் தாண்டிய கட்டி என்றால் பெரிய அறுவைக்கு முன் இதைச் செய்யும்படி சர்வதேச வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. "எதுக்கு ரெண்டு தடவை ஆபரேஷன்" என்று பல வீடுகளில் மறுக்கிறார்கள். பரவியது தெரியாமல் வயிற்றை முழுதாகத் திறந்து, ஒன்றும் செய்ய முடியாமல் மூடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

ரத்த அழற்சி எண்களுக்கு நான் காணும் நல்ல பயன் இங்கேதான். சிடி சுத்தமாக இருக்கிறது, ஆனால் சிஆர்பியும் என்எல்ஆரும் காரணமில்லாமல் உயர்ந்தே இருக்கின்றன, அல்புமின் இறங்குகிறது என்றால், லேப்பராஸ்கோபி வேண்டுமா வேண்டாமா என்ற யோசனையில் அது தராசின் ஒரு பக்கம் கொஞ்சம் எடை கூட்டும். முடிவு அறுவை மருத்துவருடையது.

சிங்கப்பூர் லேபில் சிஆர்பி 24, இங்கே 2.4. எது சரி?

இரண்டும் சரியாக இருக்கலாம். ஒன்று லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்பது, இன்னொன்று டெசிலிட்டருக்கு. பத்து மடங்கு வித்தியாசம் வரும். எண்ணுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் அலகு இருக்கும், அதைப் படித்துவிட்டு ஒப்பிடுங்கள். அல்புமினிலும் இதே குழப்பம் வரும்: 35-ம் 3.5-ம் ஒன்றே.

மஞ்சள், கஷாயம், ஆஸ்பிரின் எதையாவது கொடுத்து இந்த எண்ணை இறக்கினால் பரவாமல் தடுக்கலாமா?

அப்படித் தடுக்க முடியும் என்று நிரூபணம் இல்லை. எண் இறங்குவதும் நோய் அடங்குவதும் ஒன்றில்லை. ஜுர மாத்திரை போட்டால் சூடு இறங்கும், டைபாய்டு போகாது. குழம்பில் போடும் மஞ்சள் நல்லதே. கீமோ நடக்கும்போது மஞ்சள் சத்து மாத்திரை, மூலிகைச் சாறு போன்றவற்றை மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். ஆஸ்பிரினை நீங்களாகக் கொடுப்பது ஆபத்து, கசிகிற கட்டி இன்னும் கசியும்.

நீங்கள் செய்யக்கூடியது சாப்பாடு. முட்டை, மீன், பருப்பு, தயிர், எது இறங்குகிறதோ அதை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாக. மூன்று வேளை இலை போட்டுச் சாப்பிடும் பழக்கத்தை இந்தக் காலத்தில் விட்டுவிடலாம். "எதுவுமே சாப்பிட மாட்டேங்கிறாக" என்று ஆச்சிகள் கவலைப்படுவார்கள். இரண்டு கரண்டி கவுனி அரிசிக் கஞ்சியும் ஒரு முட்டையும் உள்ளே போனாலே லாபம்தான்.

நம்ம காரச் சாப்பாடுதான் காரணம் என்கிறார்களே?

மிளகும் மசாலாவும் இரைப்பைப் புற்றைத் தருவதாக உறுதியான சான்று இல்லை. உப்பில் ஊறிய பண்டங்கள் மேல்தான் சந்தேகம் வலுவாக இருக்கிறது. உப்புக்கண்டம், கருவாடு, உப்பு தூக்கலான ஊறுகாய் தினமும் வேண்டாம், எப்போதாவது போதும். புகையிலை கட்டாயம் கூடாது. இந்தியாவில் மிசோரத்தில்தான் இந்த நோய் மிக அதிகம்; தென் மாநிலங்களிலும் வட இந்தியாவைவிட அதிகம். வீட்டில் ஒருவருக்கு வந்திருந்தால் கூடப் பிறந்தவர்களும் பிள்ளைகளும் ஹெலிகோபாக்டர் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். மருந்தால் ஒழிக்கக்கூடிய கிருமி அது.

சிஇஏ, சிஏ 19-9 இவையும் அழற்சிக் குறியீடுகளா?

இல்லை, அவை கட்டிக் குறியீடுகள். பெரும்பாலும் கட்டியே சுரப்பவை. தொடக்கத்தில் உயர்ந்திருந்தால் பிற்பாடு சிகிச்சையின் போக்கைக் கவனிக்க உதவும். நோயைக் கண்டுபிடிக்க இவையும் போதாது.

ஆபரேஷன் முடிந்து நான்காம் நாள் சிஆர்பி 180. பரவிவிட்டதா?

அந்த நேரத்து சிஆர்பிக்கும் பரவலுக்கும் சம்பந்தம் இல்லை. எந்தப் பெரிய அறுவைக்குப் பிறகும் சிஆர்பி இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போகும், பிறகு வேகமாக இறங்கும். ஏறக்குறைய 19 மணி நேரத்தில் பாதியாகிவிடும் புரதம் அது. மூன்று நான்கு நாளாகியும் 150-க்கு மேல் நிற்கிறது என்றால், தையல் போட்ட இடத்தில் கசிவோ உள்ளே தொற்றோ இருக்கிறதா என்று அன்றே பார்ப்பார்கள். இது அவசரம்தான், ஆனால் வேறு காரணத்துக்காக. பரவலோடு ஒப்பிட வேண்டும் என்றால் அறுவை முடிந்து சில வாரம் போகட்டும்.

ஈஎஸ்ஆரையும் (சிவப்பணு படியும் வேகம்) சிலர் கேட்கிறார்கள். அது மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும், ரத்தசோகை இருந்தாலே ஏறிவிடும். இரைப்பைப் புற்று வந்தவர்களில் பலருக்கு ரத்தசோகை இருக்கும். அதனால் ஈஎஸ்ஆரை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

மருந்தைத் தேர்ந்தெடுப்பது இந்த எண்களை வைத்தா?

இல்லை. நோயின் நிலை, ஆளின் உடல் வலு, அப்புறம் எடுத்த சதையில் செய்யும் சோதனைகள். ஹெர்2 என்ற புரதம் புற்றுச் செல்லில் அதிகமாக இருந்தால் டிராஸ்டுசுமாப் என்ற மருந்து பயன்படலாம். பிடி-எல்1, எம்எஸ்ஐ சோதனைகள் நோயெதிர்ப்பு மருந்து பொருந்துமா என்று சொல்லும். பரவிய நோய் என்று தெரிந்தவுடன் இவற்றைச் செய்தாகிவிட்டதா என்று கேளுங்கள். என்எல்ஆர் பற்றிக் கேட்பதைவிட இது நூறு மடங்கு பயனுள்ள கேள்வி.

எங்கே போவது? செலவுக்கு என்ன வழி?

மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கும் திருச்சிக்கும் காரைக்குடியிலிருந்து ஏறக்குறைய 90 கிலோமீட்டர். சிவகங்கையிலும் புதுக்கோட்டையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன, முதல் கட்டத்துக்கு அங்கே போகலாம். சென்னை என்றால் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. 1954-ல் அதைத் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நம்ம பக்கத்துப் புதுக்கோட்டையில் பிறந்தவர், தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அங்கே போகிறவர்களிடம் நான் இதைச் சொல்லியனுப்புவது வழக்கம்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கிக்கொண்டு, ரேஷன் கார்டு, ஆதாரோடு ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்தில் பதியலாம். நோய் தெரிந்த அன்றே இந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும்போது என்னென்ன எடுத்துக்கொண்டு போக வேண்டும்?

ரத்த ரிப்போர்ட்டுகளைத் தேதி வாரியாக அடுக்குங்கள், நோய் தெரிவதற்கு முன் எடுத்தவை உட்பட. ஒற்றை எண்ணைவிட ஆறு மாதத்தில் அது எப்படி நகர்ந்தது என்பதுதான் டாக்டருக்கு வேண்டும். ஒவ்வொரு ரிப்போர்ட்டின் மேலும் பென்சிலால் எழுதி வையுங்கள்: அன்று காய்ச்சல் இருந்ததா, கீமோ எத்தனையாவது நாள், ஊசி போட்டிருந்ததா, ஸ்டீராய்டு எடுத்தாரா. இதை எழுதிக்கொண்டு வரும் குடும்பங்கள் மிகக் குறைவு. அப்படி வந்தால் டாக்டர் முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள்.

சிடி ஸ்கேன் ஃபிலிம் மட்டும் போதாது, ஸ்கேன் படங்கள் பதிந்த குறுந்தட்டையும் கேட்டு வாங்குங்கள். எண்டோஸ்கோபி ரிப்போர்ட், பயாப்சி ரிப்போர்ட். அதோடு பயாப்சி செய்த லேபில் ஸ்லைடையும் பாரஃபின் பிளாக்கையும் எழுதிக் கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பிளாக் என்பது எடுத்த சதையை மெழுகில் பதித்து வைத்திருக்கும் சின்னக் கட்டி. ஹெர்2 உள்ளிட்ட சோதனைகளை அதிலிருந்துதான் செய்வார்கள். அது இல்லையென்றால் திரும்பவும் குழாய் விட்டுச் சதை எடுக்க வேண்டி வரும். அதைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். மதுரை வெயிலில் நிறுத்திய காரின் முன்பலகையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள், மெழுகு இளகிவிடும்.